மலையடிவாரத்து ஏரிகளும் காவிரிக் கரையும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் சேலத்து மக்கள் அனைவரும் ஒரே திசையில்தான் முகத்தைத் திருப்புகிறார்கள். ஏற்காட்டுப் பேருந்துகளில் நிற்கவும் இடம் இராது. மலைமீது சென்றால் அங்கும் கூட்டம். படகுத் துறையில் வரிசை. உணவு விடுதியில் வரிசை. ஏற்காட்டைக் குறை கூறுவது என் எண்ணமன்று. ஆயினும், நம் கண்ணெதிரே சமவெளியில் கிடக்கும் நீர்நிலைகளை நாம் திரும்பியும் பார்ப்பதில்லையே என்னும் மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு. பிள்ளைகளுக்குத் தண்ணீரையும் மரத்தையும் பறவையையும் காட்ட விரும்பும் பெற்றோர், இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறித்தான் ஆக வேண்டுமென்பதில்லை.

முதலில் ஊருக்குள்ளேயே தொடங்குவோம். கன்னங்குறிச்சியில் இருக்கிறது மூக்கனேரி. சேர்வராயன் மலைச்சரிவில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி இந்த ஏரிக்கு வந்து சேருகிறது. சில பத்தாண்டுகளுக்கு முன் இது ஏரி என்று சொல்லத்தக்க நிலையில் இல்லை. வண்டல் மேடிட்டு, குப்பை நிறைந்து, சாக்கடை கலந்து கிடந்தது. 2010-ஆம் ஆண்டில் சேலம் மக்கள் குழுவினர் இதைச் சீர்படுத்தும் பொறுப்பை ஏற்றனர். தோண்டிய வண்டலை வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல், ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, 40-க்கும் மேற்பட்ட சிறு தீவுகளாக்கி, அவற்றின்மேல் மரக்கன்றுகளை நட்டனர். எளிய யோசனைதான், ஆனால் அதன் பயன் பெரிது. மண்ணை அள்ளிச் செல்லும் செலவு மிச்சம், ஏரி ஆழமாயிற்று, மனிதர் கால் படாத தீவுகள் பறவைகளுக்கு வீடாயின. விடியற்காலையில் கரைமீது நின்றால் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயில் காய்வதையும், முக்குளிப்பான் மூழ்கி வேறோரிடத்தில் எழுவதையும், நாமக்கோழிகள் கறுத்த உடலோடு மிதப்பதையும் காணலாம். ஒரு காசு செலவில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, கண்ட பறவைகளையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

இதற்கு நேர்மாறான காட்சியைப் பனமரத்துப்பட்டியில் காணலாம். சேலம் நகருக்குக் குடிநீர் வழங்குவதற்காக 1911-இல் உருவாக்கப்பட்ட பெரிய ஏரி அது. மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகு நகரம் அதை மறந்துவிட்டது. சீமைக் கருவேலம் அதன் மடியில் காடாக மண்டிற்று. கைவிடப்பட்ட ஏரி எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம்.

சேலத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் மேட்டூர். 1925-இல் தொடங்கிய அணைப்பணி 1934-இல் நிறைவுற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் அணை திறக்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரையே நீர்த்தேக்கத்துக்குச் சூட்டினர். நிரம்பிய நிலையில் நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மிகுதியான வெள்ளத்தை வெளியேற்றும் 16 கண் மதகுகளைத் திறந்துவிடும் நாளில், அந்த முழக்கத்தைக் கேட்கவே ஊர் திரளும். 2013-க்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் நிரம்பாதிருந்த அணை, 2018 ஜூலை 23-இல் 120 அடியைத் தொட்டபோது மக்கள் அடைந்த மகிழ்ச்சி சொல்லில் அடங்காது. அணைக்குக் கீழே பூங்கா. அருகே அணைக்கட்டு முனியப்பன் கோவில். சுடச்சுடப் பொரித்த மீன் விற்கும் கடைகள். பெரும்பாலோர் இவ்வளவையும் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் மேட்டூரின் உண்மையான வரலாறு அணைக்குக் கீழே இல்லை, மேலே இருக்கிறது. கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிப் பரிசல்துறைக்குச் செல்லுங்கள். எதிர்க்கரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரை. நடுவே கடல்போல் விரிந்த நீர்ப்பரப்பு. இந்த நீரின் அடியில் ஊர்கள் இருந்தன. வீடுகளும் வயல்களும் கிணறுகளும் இருந்தன. அணை கட்டியபோது அங்கு வாழ்ந்த மக்கள் அனைத்தையும் விட்டு வெளியேறினர். எடுத்துச் செல்ல முடிந்ததை எடுத்துச் சென்றனர். எடுத்துச் செல்ல முடியாதவை நீருக்குள் நின்றன.

அவ்வாறு நின்றவற்றுள் ஒன்று ஒரு கிறிஸ்தவ ஆலயம். கோடையில் நீர்மட்டம் ஏறத்தாழ 80 அடிக்குக் கீழே இறங்கும்போது, அதன் இரட்டைக் கோபுரங்கள் நீருக்குமேல் தலைகாட்டுகின்றன. இன்னும் பத்தடி அளவுக்கு இறங்கினால், ஜலகண்டேஸ்வரர் ஆலயத்து நந்தியும் வெளிப்படுகிறது. நீர் மேலும் வற்றிய ஆண்டுகளில் ஆலயத்தின் அருகிலேயே நடந்து செல்லலாம். கோபுரத்தைத் தொட்டு நின்று பார்த்தவர்கள் சற்று நேரம் பேச மாட்டார்கள். சேலம் மறைமாவட்டம் உருவானது 1930-இல். அணை திறந்தது 1934-இல். மறைமாவட்டம் தவழத் தொடங்கிய நாள்களிலேயே இந்த மக்கள் தங்கள் ஆலயத்தை நீருக்கு ஒப்படைத்துவிட்டுப் பெட்டியும் படுக்கையுமாக மேட்டு நிலம் தேடிப் போயினர். அந்த நீர்தான் தஞ்சையிலும் திருவாரூரிலும் நெல்லாக விளைந்தது; நம் வீட்டுக் குழாயிலும் வருகிறது. யாரோ இழந்தது யாருக்கோ சோறாயிற்று. பிள்ளைகளுக்கு அதை அங்கேயே நின்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் படித்தால் மனத்தில் பதியாது.

பரிசல்துறையில் நின்ற பெரியவர் ஒருவரிடம், "ஐயா, கோபுரம் தெரிகிற ஆண்டில்தான் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வருகிறதோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "உங்களுக்கு அது வேடிக்கை, தம்பி. எங்களுக்குக் கோபுரம் தெரிந்தால் மீன் இல்லை என்று பொருள்" என்றார். நீர் வற்றிய தரையில் சோளமும் எள்ளும் நிலக்கடலையும் விதைத்து, மீண்டும் வெள்ளம் வருமுன் அறுத்துக்கொள்ளும் உழவர்களும் உண்டு. ஒருவருக்கு இழப்பாவது மற்றவருக்கு ஒரு போகம்!

மேட்டூருக்குக் கீழே மின் உற்பத்திக்காகக் காவிரியின் குறுக்கே கதவணைகள் கட்டப்பட்டுள்ளன. அவற்றால் தேங்கிய நீரின் கரையில் அமைந்த ஊர்தான் எடப்பாடிக்கு அப்பாலுள்ள பூலாம்பட்டி. எதிரே ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டை. இவ்விரு ஊர்களுக்கிடையே விசைப்படகு செல்கிறது. பள்ளி செல்லும் பிள்ளைகள், மூட்டை சுமக்கும் வணிகர், மொபெட்டோடு ஏறும் உழவர் ஆகியோருடன் நாமும் அமர்ந்து ஆற்றைக் கடக்கும் இன்பம், சுற்றுலாப் படகில் கிடைக்காது. சுற்றிலும் மலையும் தென்னையும் பச்சை வயலும். இதைக் 'குட்டிக் கேரளம்' என்று அழைக்கிறார்கள். பூலாம்பட்டியைப் பூலாம்பட்டி என்றே அழைத்தால் அதன் அழகில் என்ன குறைந்துவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இங்கே பெற்றோருக்குச் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காவிரி பார்ப்பதற்குச் சாதுவானது. முழங்கால் அளவு நீரில் நான்கு அடி நடந்தால் ஐந்தாவது அடியில் ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும். மணல் அள்ளிய இடங்களில் இப்பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியா. கதவணைகளில் மதகு திறந்தால் சிறிது நேரத்துக்குள் நீரோட்டம் மாறும். காய்ந்து கிடந்த பாறையைச் சுற்றி வெள்ளம் சூழும். ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் படிக்கும் துயரம் ஒரே வகையானது: ஒரு பிள்ளை வழுக்கி விழுகிறது, காப்பாற்ற அண்ணன் குதிக்கிறான், அவனைக் காப்பாற்றத் தந்தை குதிக்கிறார். நீந்தத் தெரியாதவர் குதித்து எவரையும் காப்பாற்ற முடியாது. சேலையோ வேட்டியோ கயிறோ கையில் கிடைத்ததை வீசி எறிந்து, கரையிலிருந்தே இழுங்கள். மூடிய வெற்றுக் குடம் ஒன்றும் உயிரைத் தாங்கும். பங்கிலிருந்து பீடச்சிறுவரையும் மறைக்கல்விப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்பவர்கள், அந்த ஊர் மக்களைக் கேட்டு, அவர்கள் குளிக்கும் துறையில் மட்டுமே பிள்ளைகளை இறக்க வேண்டும். பரிசலில் ஏறினால் மிதவைச் சட்டை அணியாமல் ஏறக் கூடாது. ஆற்றங்கரையில் மது அருந்துவோர் கூட்டம் இருந்தால், பேசாமல் வேறு இடம் தேடுங்கள்.

நாமக்கல் பக்கத்து நண்பர்களுக்கு ஜேடர்பாளையம் அருகிலேயே இருக்கிறது. காவிரியின் குறுக்கே படுகை அணை. பக்கத்தில் நிழல் தரும் பூங்கா. இங்கிருந்து பிரியும் இராஜ வாய்க்காலை அல்லாள இளைய நாயக்கர் வெட்டினார் என்று இப்பகுதி மக்கள் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். பரமத்தி வேலூரின் வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் இவ்வாய்க்கால் நீரால் செழித்தவை. அணையைப் பார்த்துவிட்டு வாய்க்கால் கரையோடு சிறிது தூரம் நடந்து பாருங்கள். அகத்தி மரத்தைப் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறுவதை நகரத்துப் பிள்ளைகள் எங்கே கண்டிருக்கப் போகிறார்கள்?

அதே வட்டாரத்தில் நஞ்சை இடையாற்றில் திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கிறது. பெயரிலே மணியும் முத்தும் இருக்கின்றன. சேர்வராயன் மலையில் தெளிந்த ஊற்றாகப் பிறக்கும் அது, சேலம் நகரைக் கடக்கையில் சாயக்கழிவும் சாக்கடையும் சுமந்து, மழை நாள்களில் நுரை பொங்க ஓடுகிறது. நாம் வீட்டில் கொட்டியது அங்கே நமக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. உணவுப் பொட்டலம் கட்டிய நெகிழிப் பைகளையாவது திரும்ப எடுத்து வந்துவிடலாம்.

போவதற்கு ஏற்ற காலம் எது என்று கேட்கலாம். மூக்கனேரிக்கு ஐப்பசி முதல் தை வரை. மழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும். பூலாம்பட்டிக்கும் ஜேடர்பாளையத்துக்கும் மார்கழி, தை. ஆடிப் பதினெட்டன்று காவிரிக் கரை எங்கும் கூட்டம் நெரியும்; சிறு பிள்ளைகளோடு செல்வோர் அந்நாளைத் தவிர்ப்பது நல்லது. பண்ணவாடிக்கு மட்டும் நாள்காட்டி உதவாது. காலைச் செய்தித்தாளில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் அன்றாடம் வெளிவருகிறது. அது 80 அடிக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு, கொளத்தூர்ப் பேருந்தில் ஏறுங்கள்.