ஸ்டோர் சாவி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினாறு வருடம் வெளிக்காட்டுக் கிராணியாக இருந்தேன். மருந்தடிக்கும் பெண்கள் பதினோரு பேர் என் கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் வலது கண் போனது. அதற்கு நான்தான் காரணம்.

பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்தின் கணக்கே வேறாகிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர். அடியில் புல் மண்டினால் உரம் வீண், உதிரிப் பழம் கண்ணில் படாது. கொத்திச் சுத்தம் செய்ய ஆள் நிறைய வேண்டும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி அடித்தால் ஓரிரு நாளில் பச்சை கருகிவிடும். 1960களின் தொடக்கத்திலிருந்தே இந்நாட்டுத் தோட்டங்களில் அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. குலை வெட்ட ஆண்கள். பதினெட்டு லிட்டர் பம்பை முதுகில் சுமந்து மருந்தடிக்கப் பெண்கள், பெரும்பாலும் நம் பெண்கள். மருந்து என்றே எல்லோரும் சொன்னோம். விஷம் என்று தெரிந்தும் நானும் அப்படியே சொன்னேன்.

தெரியும் எனக்கு. அதன் ஆங்கிலக் குறிப்பைப் படித்திருந்தேன். விழுங்கினால் முறிமருந்து கிடையாது, நுரையீரல் இறுகிச் சாவு. தோலில் பட்டால் புண். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.

ஸ்டோரில் கையுறையும் கண்ணாடியும் இருந்தன. சாவி என் இடுப்பில். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் எடுத்துக் கொடுப்பேன். மாலையில் எண்ணி வாங்கிப் பூட்டுவேன். தினமும் கொடுத்தால் கிழியும், உடையும். புதிது கேட்டால் என் பிரிவின் செலவு ஏறும். செலவைக் குறைத்த கிராணி என்று துரை ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பூட்டினேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

மருந்து கலக்குபவர் ஓர் அக்கா. நகங்கள் வெளுத்து, இரண்டு விரலில் உதிர்ந்தே போயிருந்தன. சின்ன வெங்காயம் உரிக்க மகளைத்தான் கூப்பிடுவார்.

1998. மழை விட்ட ஒரு காலை. கேனைச் சாய்த்தபோது தண்ணீர் கலக்காத மருந்து தெறித்துக் கண்ணில் பட்டது. "கிராணி, கண்ணு எரியுது" என்றார். வாய்க்கால் தண்ணீரில் கழுவச் சொன்னேன். லாரி பக்கத்திலேயே நின்றது. குலை ஏற்றப் போக வேண்டும் என்று அதைக் கொடுக்கவில்லை. "சரியாயிடும்கா, இந்த நிரைய முடிச்சிடுங்க" என்றேன். ஒரு கையால் முந்தானையைக் கண்ணில் பொத்திக்கொண்டு முடித்தார்.

இந்த மருந்தின் கொடுமை, கண்ணில் பட்ட அன்று பெரிதாகத் தெரியாது. நாள் போகப் போகத்தான் புண் ஆழமாகும். நான்காம் நாள் கருவிழி பால்போல் வெளுத்திருந்தது. அப்போதுதான் ஈப்போவுக்கு வண்டி கொடுத்தேன்.

அதற்கு மேல் செய்தது இன்னும் கேவலம். விபத்து அறிக்கையை நான் எழுதினேன். பாதுகாப்புக் கண்ணாடி தரப்பட்டது, தொழிலாளி அணியவில்லை. இப்படி ஆங்கிலத்தில். எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன்.

"என்ன எழுதியிருக்கு, தம்பி?"

"நடந்ததுதான்கா."

ஒரு கண்ணில் பஞ்சு. மறு கண்ணால் கோட்டைத் தேடி, தோட்டப் பள்ளியில் படித்த எழுத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதினார். ஒரு புள்ளி விட்டுப்போயிற்று. காகிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, அந்தப் புள்ளியையும் வைத்துக் கொடுத்தார்.

அந்த ஒரு வரியைக் காட்டித் தோட்டம் கைகழுவியது. அக்கா உதிரிப் பழம் பொறுக்கப் போனார். கூலி குறைந்தது. மகள் மூன்றாம் படிவத்தோடு நின்று தொழிற்சாலைக்குப் போனாள்.

2002இல் ஐரின் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் உடல்நிலை பற்றிய ஆய்வை வெளிக்கொண்டுவந்தது. அந்த ஆண்டே அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. வெட்கத்தோடு சொல்கிறேன், அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு மோசமான மருந்து இல்லை போலும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். சுவீடன் 1983லேயே ஒதுக்கிய மருந்து அது. இங்கே முழுத்தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. அரசையும் கம்பெனியையும் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. ஆனால் ஸ்டோர் சாவி அவர்களிடம் இல்லை.

போன மாதம் அக்காவைத் தேடிப் போனேன். மலிவு விலை அடுக்குமாடியில் மகளோடு இருக்கிறார். நான் எழுதிய வரியைத் தமிழில் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு என்னை முன்போல் அழைத்தார்.

"அப்போ கண்ணாடி ஸ்டோர்லதான் இருந்துச்சா, கிராணி?"

"இருந்துச்சுக்கா."

"எத்தனை?"

"இருபத்து நாலு."

"நாங்க பதினோரு பேருதானே."