கணக்குக் கேட்டதும் காணாமல் போன வரி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிற சாலையோரம் இருக்கிறது எங்கள் காலனி. ராத்திரி பிரசவ வலி என்றால், ஊர்த் தெருவில் நிற்கும் வாடகை வண்டி காலனிக்குள் வராது. வந்தாலும் இரட்டை வாடகை. அதனால்தான் ஏழு வீட்டுக்காரர்கள் கரும்பு வெட்டிய கூலியில் சீட்டுக் கட்டி, ஒரு பழைய மாருதி ஆம்னி வாங்கக் கிளம்பினோம்.

ஆட்டோ கன்சல்டிங்கில் விலை 1,60,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். பணத்தோடு போன அன்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம், 28,800. ஆர்டிஓ செலவு 8,000. டாக்குமென்ட் சார்ஜ் 5,000. மொத்தம் 2,01,800. "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, கையெழுத்தப் போடுங்க" என்றார் அங்கிருந்தவர். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். எதிரே நாற்காலிகள் காலியாக இருந்தன.

கையெழுத்துப் போடாமல் திரும்பினோம். அன்றிரவு, சட்டம் படிக்கும் எங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து விதிகளைப் படித்தோம்.

2025 ஜனவரி முதல் பழைய கார் வியாபாரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்பது உண்மைதான். ஆனால் அது முழு விலைக்கு அல்ல. வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். 1,40,000-க்கு வாங்கி 1,60,000-க்கு விற்றால் வரி 3,600 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு பைசா வசூலிக்கக் கூடாது. இங்கேயே பதிவாகி ஆயுள் வரி கட்டிய சொந்த உபயோக வண்டிக்கு மறுபடியும் ஆயுள் வரி கிடையாது. காரின் பெயர் மாற்றத்துக்கு மத்திய விதிப்படி 300 ரூபாய்; அதோடு மாநிலச் சேவைக் கட்டணம். வண்டிமேல் கடன் இருந்தால் அதை நீக்கும் வேலை தனி.

மறுநாள் போனோம். முதலில் உட்கார்ந்தோம். "ஜிஎஸ்டி எண் போட்ட பில் கொடுங்க, வரியைக் கட்டுறோம்" என்றோம். போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தவர் 28,800-ஐப் பேனாவால் அடித்தார். பெயர் மாற்றத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றதும் 8,000 போனது. 5,000 இரண்டாயிரமானது. கொடுத்த 1,62,000-க்கும் ரசீது வாங்கினோம்.

ஆக, அது அரசு போட்ட வரியே இல்லை. இவர்கள் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எங்கள்மீது போட்ட வரி. 1976 வரை கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. ஜாகிர் ஒழிந்தது. எளியவர்கள் கணக்குக் கேட்கக் கூடாது என்ற எண்ணம் மட்டும் இன்னும் கடைகளில் உட்கார்ந்திருக்கிறது.

தோழர்களே, இன்னொன்று. வெற்றுப் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு வண்டியை விற்காதீர்கள். பதிவேட்டில் யார் பெயரோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் ஆம்னி இப்போது ஏழு வீட்டில் ஒரு அக்காவின் பெயரில் ஓடுகிறது. போன வாரம் நடு ராத்திரியில் அரசு மருத்துவமனைக்குப் போய், விடிந்ததும் ஒரு பெண் குழந்தையோடு திரும்பி வந்தது.

ஜெய்பீம்.