அசிட் போத்தல்

மாத்தளை என்றதும் பலருக்கு மிளகும் கொக்கோவும்தான் ஞாபகம் வரும். உக்குவளைப் பக்கம் ரப்பரும் உண்டு. அங்கே என்னை இழுத்துப் போனவள் என் நண்பரின் மகள். உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. சுருங்கிப்போன உணவுக்குழாயை விரிக்கும் கருவியை இன்னும் பாதுகாப்பானதாக்க அவளும் வகுப்புத் தோழர்கள் இருவரும் முயல்கிறார்கள். "ரப்பர் தோட்டத்து ஆக்களுக்கும் இந்த வருத்தம் வருதாம் அங்கிள். ஏனெண்டு நேரில பாக்கோணும்" என்றாள்.

பால் வெட்டு விடியலிலேயே தொடங்கிவிடுகிறது. எங்களைக் கூட்டிப்போன அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். சாய்கோட்டில் கத்தியை இழுத்தார். பட்டை நூலாகச் சுருண்டு விழ, பின்னாலேயே பால் கசிந்து சிரட்டைக்கு இறங்கியது. உள்மரத்தைத் தொட ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கத்தி நின்றுவிட வேண்டும். தாண்டினால் காயம், அது ஆறினாலும் முண்டும் முடிச்சுமாகிவிடும், அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது.

"எவ்வளவு ஆழம்னு எப்படித் தெரியும் அக்கா?"

"மேல்பட்டை கரகரங்கும் புள்ள. பால்பட்டைக்கு வந்தா மெத்துனு போகும். அங்கேயே கைய அடக்கிறணும்."

மாணவர்கள் மூவரும் அந்தக் கத்தியை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அவர்களுடைய சிக்கலும் கையில்தான் இருக்கிறது. தொண்டை வழியாக முதலில் மெல்லிய கம்பியை இறக்கி, அதன்மேல் முனை கூம்பிய பிளாஸ்டிக் குழல்களை ஒவ்வொன்றாகச் செலுத்துவார் மருத்துவர். 5 மில்லிமீட்டர் விட்டத்தில் தொடங்கி 20 வரை குழல்கள் உண்டு. தடை தட்டுப்பட்டபின் ஒரே அமர்வில் 3 மில்லிமீட்டருக்குமேல் கூட்டுவதில்லை என்பது பழைய நெறி. அந்தத் தடையைச் சொல்வது மருத்துவரின் விரல்கள் மட்டுமே. மீறினால் குழாய் கிழிந்து, நெஞ்சுக்குள் கிருமி பரவி உயிருக்கே ஆபத்தாகும். பலூன் வைத்து விரிக்கும் முறையில் கைக்கு அந்த உணர்வும் கிடைப்பதில்லை. தள்ளும் விசையை அளந்து எச்சரிக்கும் கைப்பிடி ஒன்றைச் செய்ய இவர்கள் முயல்கிறார்கள். எந்த அளவில் எச்சரிப்பது என்பதில்தான் மல்லுக்கட்டு. அசிட் அரித்துச் சுருங்கிய உணவுக்குழாயில் தழும்பு ஓரிடத்தில் விறைப்பாகவும் பக்கத்திலேயே மெலிந்தும் இருக்கும்.

தோட்டத்தில் சேகரித்த ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டுகளில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். உருளையில் கொடுப்பதையும் புகை போடுவதையும் விட்டுவிடுகிறேன். என் கண் போன இடம் வேறு. பாலை உறைய வைப்பது ஃபோமிக் அசிட். நிறமில்லாதது, பார்வைக்கு வெறும் தண்ணீர். தோட்டத்துக்குக் கேன்களில் வருகிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவனுக்குக் கேன் எதற்கு? கடைக்காரர் பழைய சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறார். பெயர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அது சமையலறை மூலையில் வந்து உட்காருகிறது.

அக்காவின் கதை அந்த மூலையில் தொடங்கியது. பத்து வயதில், விளையாடிவிட்டு வந்த தாகத்தில், லெமனேட் என்று எடுத்த ஒரு மிடறு. உயிர் பிழைத்தார். சில வாரங்களில் சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சி மட்டும். அன்றிலிருந்து கண்டி ஆஸ்பத்திரி. விரிப்பார்கள், கொஞ்ச நாள் ரொட்டி இறங்கும், மறுபடி இறுகும். இன்றும் ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊற வைத்துத்தான் சாப்பிடுகிறார். "கலியாண வீட்டுல எல்லாரும் எந்திரிச்ச பொறகும் நான் ஒருத்திதான் எல முன்னாடி இருப்பேன்" என்றார்.

இது இவர் ஒருவரின் விதியல்ல. ரப்பர் விளையும் கேரளத்தின் கோட்டயத்தில் இதே அசிட்டால் பாதிக்கப்பட்ட 53 பேரைப் பற்றி 1985லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு நான் ஷெவாலியர் ஜாக்சனைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்கத் தொண்டை மருத்துவர். துணி வெளுக்கவும் சோப்புக் காய்ச்சவும் வைத்திருந்த காரத்தைக் குடித்துத் தொண்டை மூடிப்போன குழந்தைகளை வரிசையாகப் பார்த்தவர். உணவுக்குழாய்க்குள் பார்க்கும் கருவிகளைத் தன் கையாலேயே திருத்தித் திருத்தி வடிவமைத்தார். அத்தோடு நிற்கவில்லை. போத்தலில் விஷம் என்று எழுத வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக அரசோடு போராடினார். 1927இல் அதற்கென்றே அங்கே சட்டம் வந்தது. கருவி செய்கிறவனுக்குப் போத்தலும் தன் வேலைதான் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு சிவப்பு மூடி, மண்டையோட்டுப் படம், மும்மொழியில் ஒரு வரி. இதற்கு என்ன செலவாகிவிடும்? அசிட் விற்று வரும் காசை எண்ணத் தெரிந்தவருக்கு ஒரு லேபிள் ஒட்டத் தெரியாதா? ஒரு குழந்தையின் ஆயுள் முழுவதையும் கஞ்சியில் கரைப்பது இந்த அலட்சியம்தான்.

புறப்படுமுன் மாதிரிக் கைப்பிடியை அக்காவின் கையில் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வந்தா அடிக்கடி போக வேண்டியதில்லியா?"

"அப்பிடிச் சொல்லேலாது அக்கா. கிழியாமப் பாத்துக்கொள்ளும், அவ்வளவுதான்."

2024இல் தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கண்டிக்குப் போகும் நாளில் அன்றைய சம்பளம் கிடையாது, பஸ் காசும் கைக்காசு. "அப்ப மாத்தளை ஆஸ்பத்திரியிலேயே செய்யிற மாதிரி ஒன்னு செய்யுங்க புள்ள" என்றார். அதற்குக் கைப்பிடி மட்டும் போதாது, உணவுக்குழாய்க்குள் பார்க்கும் கருவியும் அதில் பழகிய மருத்துவரும் வேண்டும் என்று நண்பரின் மகள் விளக்கினாள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதையும் யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டார்.