எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற பெண்களிடம் பக்குவம் கேட்டால், "இதுல என்னட்டி இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பார்கள். சாரல் காற்றடிக்கும் ஆடி மாதத்தில் மாவுக்கு எவ்வளவு தண்ணீர் குறைக்க வேண்டும் என்று என் பெரியம்மைக்கு விரல் சொல்லிவிடும். அதை அறிவு என்று அவளும் சொன்னதில்லை, வீட்டில் யாரும் சொன்னதில்லை.

சென்னையில் என் வேலை மென்பொருள் பேட்டன்ட் தொடர்பானது. புதிது என்று ஒருவர் கேட்கும் உரிமை உண்மையிலேயே புதிதுதானா என்று பழைய ஆவணங்களில் தேடுவேன். அத்துறையில் திறன் பெற்றவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியது என்றால் இந்தியச் சட்டம் உரிமை தராது. மேல்முறையீடுகளில் பாதிச் சண்டை இதற்குத்தான். ஆக, வீட்டில் எங்கள் வேலையைச் சிறுமையாக்கும் அதே வாக்கியம், என் மேசையில் ஒரு நிறுவனத்தின் உரிமையையே முறிக்கும்.

ஆனால் அதற்குத் தேதி வேண்டும். மென்பொருளில் பழைய கையேட்டின் நாலு வரி போதும். அடுப்படிக்குக் கையேடு ஏது?

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டின் சிஎஸ்ஐஆர் எதிர்த்து 1997இல் அதை ரத்து செய்யவைத்தது. கைகொடுத்தவை பழைய நூல்களும் 1953இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையும். முழங்காலில் மஞ்சள் பூசிவிட்ட அம்மாக்கள் கணக்கில் வரவில்லை. வெளிநாட்டில் வழக்கத்தில் இருந்தாலும் அச்சில் இல்லாவிட்டால் செல்லாது என்பதே அன்றைய அமெரிக்கச் சட்டம். 2013இல்தான் அது மாறியது.

வேப்பெண்ணெய் கொண்டு பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தது. வந்தனா சிவா, மக்தா ஆல்வூட், லிண்டா புல்லார்ட் என்ற மூன்று பெண்கள் முன்னின்று எதிர்த்தார்கள். 2000இல் அது ரத்தானது. உரிமையாளர்களின் மேல்முறையீடு தள்ளுபடியான நாள் 2005 மார்ச் 8, மகளிர் தினம்.

இந்தியச் சட்டம் ஒரு படி மேலே போகிறது. உள்ளூர்ச் சமூகத்தின் வாய்மொழி அறிவையும் எதிர்ப்புக்கான காரணமாக ஏற்கிறது. காப்புரிமை வழங்குமுன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். ஆனால் வாய்மொழிக்கும் சாட்சி வேண்டும். தான் செய்வதில் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பழக்கப்பட்ட பெண் எந்த அலுவலகத்தில் போய் நிற்பாள்?

அதனால் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பெண்களின் பக்குவத்தை அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். சொன்னவர் பெயரும், யாரிடம் கற்றார் என்பதும், தேதியும் அதில் இருக்கட்டும். சமையல் குறிப்பாகச் சுருக்கிவிடாதீர்கள்.