ஊசியை நிறுத்திய பின்

எங்கள் பூனைக்கு நீரிழிவு என்றதும் வள்ளியூரில் சிரித்தவர்களே அதிகம். நெல்லை இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி, இன்சுலின் போட்டு வந்தோம். பூனைகளில் இந்நோய் சிகிச்சைக்குப் பின் அடங்கிவிடுவதும் உண்டு. அடங்கிய பின்னும் பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை சரிந்து வலிப்பு வரும், உயிரே போகலாம். ஆகவே மருத்துவர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

இனி அளப்பதுதான் வேலை. வாப்பாவின் கருவியேதான், காதோரத்தில் குத்தி ஒரு துளி இரத்தம். மனிதருக்கான கருவி சற்றுக் குறைத்துக் காட்டும். மிரண்ட பூனைக்கோ சர்க்கரை ஏறும். எனவே அது உம்மாவின் மடியில் கிடக்கும்போதே பார்க்கிறோம். குறிப்பேட்டில் வாப்பாவுக்கு ஒரு பக்கம், பூனைக்கு ஒரு பக்கம், ஒழுங்கானது பூனையுடையதே! ஊசியின்றி நான்கு வாரம் கடந்தால்தான் நோய் அடங்கியதாகக் கொள்வர். இன்று 21ஆம் நாள், காலையில் 104.