நாடி பார்த்து ஓடுதல்

ஓடத் தொடங்குகிறவருக்கு நம்மூரில் கிடைக்கும் முதல் அறிவுரை, மூச்சு வாங்கும்படி ஓட வேண்டும் என்பதுதான். இதயத் துடிப்பை அளந்து ஓடும் முறையோ இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. பெரும்பாலான நாள்களில் மூச்சு வாங்கலாகாது. உடன் வருபவரோடு முழு வாக்கியங்களில் உரையாடிக்கொண்டே ஓட இயல வேண்டும். ஏழு மாதங்களாகத் திருவிடைமருதூரில் இம்முறையைக் கைக்கொண்டு வருகிறேன். நாற்பத்தாறாம் வயதில் ஓட நேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே. என் தந்தையார் ஐம்பத்திரண்டாம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். முந்தைய நாள் வரை தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நாடி பார்ப்பது நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் ஆள்காட்டி விரலால் வளியையும், நடுவிரலால் அழலையும், மோதிர விரலால் ஐயத்தையும் உணர்கிறார். எண்ணிக்கையைவிட நாடியின் நடையே அவருக்கு முதன்மை. இங்கு இலக்கணம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மாத்திரை என்னும் கால அளவைத் தொல்காப்பியர் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் கொண்டு வரையறுத்தார். உடம்பு அங்கே காலத்தின் அளவுகோல். இன்று காலத்தைக் கொண்டு உடம்பை அளக்கிறோம்.

இந்த அளவையின் தாயகம் பின்லாந்து என்று சொல்லலாம். மார்ட்டி கார்வோனென் என்ற அந்நாட்டு உடலியல் அறிஞர் 1957இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்ததே இன்று அவர் பெயரால் வழங்கும் கணக்கு. கம்பியில்லாமல் துடிப்பை அளந்து மணிக்கட்டில் காட்டும் கருவியை 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்த போலார் நிறுவனமும் அங்கேதான் தோன்றியது. பனியில் சறுக்கி ஓடுவோருக்காக எழுந்த சிந்தனை, நெல் விளையும் ஊருக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

கணக்கு எளிது. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு, எனக்கு 174. தனாகாவும் அவருடைய சகாக்களும் 2001இல் தந்த திருத்தத்தின்படி, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும், அப்போது 176. இரண்டும் சராசரிகளே. ஒரே வயதுடைய இருவருக்குள் பத்து, பதினைந்து துடிப்பு வேறுபடுவது இயல்பு. அடுத்து, விழித்தவுடன் எழாமல் படுத்தபடியே ஒரு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். ஒரு வாரச் சராசரி எனக்கு 72. உச்சத்திலிருந்து இதைக் கழித்தால் 102. அதில் அறுபது விழுக்காட்டை 72உடன் கூட்டினால் 133. எழுபது விழுக்காடு என்றால் 143. இவ்விரண்டுக்கும் இடையே ஓடுவதுதான் இலகு ஓட்டம்.

இதற்கெல்லாம் முன்பாக மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி.யும் டிரெட்மில் சோதனையும் செய்துகொண்டேன். குடும்பத்தில் இதய நோய் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. இரத்த அழுத்தத்திற்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உண்பவர்களுக்கு மேற்சொன்ன கணக்குகள் பொருந்தா. அம்மாத்திரை துடிப்பையே அடக்கிவைக்கும்.

முதல் வாரங்கள் நாணத்தோடு கழிந்தன. தெற்கு வீதியில் புறப்பட்டு மேலவீதி திரும்புவதற்குள் கடிகாரம் 150 காட்டும்; நடந்தாக வேண்டும். 130க்கு இறங்கியதும் மறுபடி ஓட்டம். மகாலிங்கசுவாமி கோயிலின் அசுவமேதப் பிரகாரத்தை வலம் வருவதற்காக விரைந்து செல்லும் மூதாட்டிகள்கூட என்னை முந்திச் சென்றார்கள். தேநீர்க் கடை வாசலில் நின்ற மாணவன் ஒருவன், "ஐயா, உடம்பு முடியலையா?" என்று கவலையோடு கேட்டான். அவனுக்குக் கார்வோனெனை விளக்க அது நேரமில்லை. 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எட்டு கிலோமீட்டர் நடைப்பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நடப்பவரை எவரும் வியந்து பார்ப்பதில்லை. ஓடவும் செய்து நடக்கவும் செய்பவரைத்தான் ஊர் ஐயத்தோடு நோக்குகிறது.

மெதுவாக ஓடுவதில் என்ன பயன் என்று கேட்கலாம். இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு நாளடைவில் கூடுகிறது; தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. அதே வேகத்துக்குக் குறைந்த துடிப்பு போதுமானதாகிறது. எனக்கு 140 துடிப்பில் ஒரு கிலோமீட்டர் ஓட முதலில் ஒன்பதே முக்கால் நிமிடமாயிற்று. ஐந்தாம் மாதத்தில் எட்டரை. ஓய்வு நாடி 65க்கு இறங்கியிருக்கிறது. வாரம் ஒருநாள் மட்டும் காவிரிக்கரையில் சற்று விரைந்து ஓடுகிறேன்.

நம் வட்டாரத்தின் சமநிலம் இதற்கு ஒரு கொடை. மேடு ஏறித் துடிப்பு எகிறும் தொல்லை, ஆற்றுப் பாலங்களைத் தவிர வேறெங்கும் இல்லை. பகை வெயில்தான். வியர்வையால் உடலின் நீர் குறையும்போது, வேகம் மாறாமலே துடிப்பு ஏறிக்கொண்டு போகும். மே மாதத்தில் அரைமணியில் பத்துப் பன்னிரண்டு கூடிவிடும். கடிகாரத்தின் பச்சை ஒளியையும் முழுதாக நம்புவதற்கில்லை. சில வேளைகளில் அது காலடி எண்ணிக்கையை இதயத் துடிப்பென்று மயங்கி 165 எனக் காட்டும். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்னலையையே அளப்பதால் கூடுதல் நம்பகமானது. நான் நின்று மூன்று விரல் வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறேன்.

சம்பா அறுவடையின்போது சாலையில் நெல் காயும். ஓரமாக ஒதுங்கி ஓட வேண்டியிருக்கும், வேகம் குறையும். அந்த மாதத்து எண்களைத் தனியே குறித்து வைக்க எண்ணியிருக்கிறேன்.