முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர்

நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கின் டிக்கெட் கவுன்டர் மூடிக் கிடந்தது. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. மொத்தப் பரிசே 15,000 டாலர்தான் என்றிருக்கும் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) எம்15 போட்டிக்கு யாரும் காசு கொடுத்து வருவதில்லை. வாசலில் இருந்த காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பிளேயரோட அப்பாவா சார்?” என்றார். வேறு யார் வரப்போகிறார்கள் என்பது அவருடைய அனுபவம்.

இதே இடத்தில்தான் 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் நடந்தது. ராஃப்டர் வென்றார், மோயா இரண்டு முறை வென்றார், வாவ்ரிங்கா நான்கு முறை. பிறகு அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. இன்று சென்டர் கோர்ட் பூட்டியிருக்கிறது. ஆட்டமெல்லாம் பக்கத்துக் கோர்ட்டுகளில்.

அறிவிப்புப் பலகையில் ட்ரா ஒட்டியிருந்தார்கள். 32 பெயர்கள். ஜப்பான், கொரியா, அமெரிக்கா, பாதிக்கு மேல் நம் நாட்டுப் பையன்கள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் நாடே இல்லை. 2022 முதல் ரஷ்ய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள். பலகை முன் நின்றவர்கள் எதிராளியின் பெயரைப் பார்த்துக் கைபேசியில் அவர் ரேங்க்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ரெஃப்ரி அறை வாசலில் பையும் மட்டையுமாக நான்கு பேர். தகுதிச் சுற்றில் தோற்றுப்போனவர்கள். அன்றைய முதல் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே வந்து ‘லக்கி லூசர்’ தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், மெயின் ட்ராவில் யாருக்காவது கணுக்கால் பிசகினாலோ வயிற்றைக் கலக்கினாலோ அந்த இடம் இவர்களில் ஒருவருக்குப் போகும். தகுதிச் சுற்றில் தோற்றவருக்குப் பரிசுப் பணம் கிடையாது. ஆகவே காத்திருக்கிறார்கள், கால்சட்டை ஷூ சகிதமாக, யாருக்கும் கெடுதல் நினைக்காத முகத்தை வைத்துக்கொண்டு.

கேலரிக்குக் கீழே நிழலில் மட்டைக்கு நரம்பு கட்டும் ஸ்ட்ரிங்கிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்க்க வந்த கோயம்புத்தூர்க்காரர் அங்கேதான் நின்றிருந்தார். வயது 24. உலக ரேங்க் ஆயிரத்துக்கு அப்பால்.

“ஐம்பத்திரண்டு போடுங்கண்ணா.”

“நேத்தும் அதான் போட்டேன். இந்த வெயிலுக்குப் பந்து பறக்குது தம்பி. ரெண்டு பவுண்டு ஏத்திக்க.”

200 மீட்டர் ரீலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு மட்டைக்குப் பன்னிரண்டு மீட்டர். பதினாறு மட்டைக்குத் தேறும். கூலி மட்டும் கொடுத்தால் போதும். டிவியில் நாம் பார்க்கும் ஆட்டக்காரர்கள் பந்து மாற்றும்போதெல்லாம் மட்டையையும் மாற்றுகிறார்கள். இவர் ஸ்ட்ரிங் அறும்வரை அதே மட்டையில்தான் ஆடுகிறார்.

எதிராளி ஒரு ஜப்பானிய இடக்கைக்காரர். கோட்டுக்கு நடுவர்கள் இல்லை. உயர நாற்காலியில் இருந்தவரே எல்லாக் கோடுகளையும் பார்த்துக்கொண்டு, கையிலிருந்த டேப்லெட்டில் ஸ்கோரையும் தட்டிக்கொண்டிருந்தார். கம்பிவலையோரம் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: இந்த மட்டத்திலேயே பந்தின் வேகம் பயமுறுத்துகிறது. ஃபோர்ஹேண்ட் அடிக்கும் சத்தத்தை மட்டும் கேட்டால் இவர் ரேங்க் என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. வித்தியாசம் இரண்டாவது சர்வில் இருக்கிறது. முதல் சர்வ் தப்பியதும் ஜப்பானியர் இரண்டடி முன்னால் வந்து நின்றார். மூன்றாவது செட், 5-5, 30-40. நம்மவர் பந்தை எட்டு முறை தட்டினார். டபுள் ஃபால்ட். அடுத்த கேமில் எல்லாம் முடிந்தது.

இனி கணக்கு. முதல் சுற்றுத் தோல்விக்கு 156 டாலர், 13,000 ரூபாய் சொச்சம். வெளிநாட்டவராக இருந்தால் அதிலும் 20 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஐந்து ஆட்டம் வென்று கோப்பையே தூக்கினாலும் 2,160 டாலர்தான். ரேங்க்குக்கு 15 பாயிண்ட். கிராண்ட் ஸ்லாம் வென்றால் 2,000 பாயிண்ட். இங்கே முதல் சுற்றில் தோற்றவருக்குப் பூஜ்யம். கையில் இருக்கும் பாயிண்டுகளோ 52 வாரத்தில் காலாவதியாகிவிடும். போன வருடம் இதே வாரம் எங்கோ சம்பாதித்தது இந்தத் திங்கட்கிழமை கழிந்துவிடும். ஓடிக்கொண்டே இருந்தால்தான் நின்ற இடத்தில் நிற்க முடியும்.

2013ஆம் ஆண்டின் கணக்கை வைத்து ஐடிஎஃப் ஒரு ஆய்வு செய்தது. ஓர் ஆண் ஆட்டக்காரருக்குப் பயணம், தங்கல், சாப்பாடு, ஸ்ட்ரிங், சலவை என ஆண்டுச் செலவு சராசரியாக 38,800 டாலர். கோச் சம்பளம் இதில் சேரவில்லை. போட்ட காசு திரும்பிவரும் இடம் ஆண்களில் 336ஆவது ரேங்க். அதற்குக் கீழே இருப்பவர்கள் கைக்காசு போட்டு வேலைக்குப் போகிறவர்கள். ரஞ்சி ஆட்டத்தில் களமிறங்கும் புதுமுகத்துக்கே ஒரு நாளைக்கு 40,000 ரூபாய் சம்பளம் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திறமைதான் இவர்களை வடிகட்டுகிறது என்று நம்பித்தான் நானும் பல காலம் விளையாட்டுப் பக்கம் படித்தேன். இங்கே பார்த்தால், யார் வீட்டில் அதிக வருடம் தோற்கக் காசு இருக்கிறதோ அவர்தான் அடுத்த ட்ராவிலும் இருக்கிறார்.

“அப்பா மில்லுகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் சப்ளை பண்றார் சார். முன்னெல்லாம் ஒவ்வொரு டூர் முடிஞ்சதும் நோட்டை எடுத்து வச்சுக் கணக்குக் கேப்பார். இப்போ கேக்கறதில்ல. அதான் பயமா இருக்கு.”

தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு இதைச் சொன்னார். போட்டி இல்லாத வாரங்களில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கோடையில் ஜெர்மனியின் சிறிய கிளப் ஒன்றுக்காக லீக் ஆடுகிறார். அங்கே ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் தந்துவிடுவார்கள். ரேங்க் பாயிண்ட் கிடைக்காது, ஆனால் அந்தக் காசில்தான் மற்ற மாதங்கள் ஓடுகின்றன.

மேலே போனவர்கள் கதையும் சுகமாக இல்லை. சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017ல் அன்டால்யாவில் டொமினிக் தீமையே வீழ்த்தியவர். அடுத்த ஆண்டு நியூபோர்ட்டில் ஏடிபி, அதாவது ஆண்களின் முதன்மை டூர், போட்டியில் இறுதிவரை போனார். அவர் தொட்ட உச்சம் 111. அதற்கு ஒரு படி கீழான சாலஞ்சர் போட்டிகளின் இறுதியில் ஆறு முறை தோற்றபின், 2021ல் மனாமாவில்தான் முதல் பட்டம். கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றுகளில் இருபது முறைக்கு மேல் முயன்றும் ஒற்றையர் மெயின் ட்ராவுக்குள் நுழையவில்லை. பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு முழங்காலே பல வருடங்களை விழுங்கியது. 2019ல் ரேங்க் 75ஐத் தொட்டு, அந்த ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றுத் தோல்வி. ஆனால் அந்தத் தோல்விகளுக்குக் கிடைத்த காசு, இந்தக் கோர்ட்டில் ஆயுள் முழுக்க வென்றாலும் வராது. 2023ல் இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரர் சுமித் நாகல், வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று சொன்னதும் செய்தியானது. அதே நாகல் 2024 பிப்ரவரியில் இதே நுங்கம்பாக்கத்தில் சாலஞ்சர் பட்டம் வென்று முதல் நூறுக்குள் வந்தார்.

2024 முதல் ஏடிபி, முதல் 250 பேருக்குக் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் உண்டு என்று அறிவித்திருக்கிறது. முதல் நூறுக்கு 3 லட்சம் டாலர், 175 வரை 1.5 லட்சம், 250 வரை 75,000. நல்ல காரியம். 251ஆவது ஆளுக்கு அதில் ஒன்றுமில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே கைபேசி துடித்துக்கொண்டே இருந்தது. நீட்டிக் காட்டினார். இவர் ஜெயிப்பார் என்று எங்கோ பந்தயம் கட்டி இழந்த யாரோ, இவர் அம்மாவைக் குறித்து எழுதியிருந்தார்கள்.

“பார்க்க ஒரு ஆள் வரமாட்டான் சார், பெட் கட்ட மட்டும் உலகம் பூரா இருக்காங்க. ஒரு தடவை, ஒரு செட்டை விட்டுக்குடு, இவ்வளவு தர்றேன்னே மெசேஜ் வந்துச்சு. உடனே ரிப்போர்ட் பண்ணிட்டேன். சொல்லாம விட்டா அதுவே குத்தம், தடை போட்டுடுவாங்க.”

எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள் என்று கேட்டேன். சாம்பியனுக்குக் கிடைப்பதைவிட அதிகம் என்றார், ஸ்ட்ரிங் அறுந்த மட்டையைப் பைக்குள் திணித்தபடி.

ஜப்பானியர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் எதையோ பேசிச் சிரித்தார்கள். சாயங்காலம் இந்த இருவரும்தான் இரட்டையர் ஜோடி.

“கோவம் இல்லையா தம்பி?”

“ரூமே ஷேர் பண்றோம் சார், பாதி வாடகை. அவன் ஜெயிச்சுட்டான்ல, எப்படியும் இன்னும் ரெண்டு நாள் ரூம் இருக்கும். நான் தோத்துட்டாலும் உடனே காலி பண்ண வேண்டியதில்ல.”

அடுத்த வாரப் போட்டியின் பட்டியலில் தகுதிச் சுற்றுக்கே இவர் ஏழாவது ஆல்டர்னேட். ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடலாமா, இல்லை ஏழு பேர் விலகும்வரை பொறுத்திருக்கலாமா என்று என்னிடமே யோசனை கேட்டார்.